ஹார்ட் ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்களா? மொதல்ல ஹீமோகுளோபின் எவ்ளோன்னு பாருங்க

செங்கோட்டை, புளியரை பக்கம் நம்மாளுங்க நிறைய பேரு வால்வு, பைபாஸ்னா ட்ரிவான்ட்ரத்துக்குத்தான் போறோம். எங்க அத்தைக்கும் அங்கதான் வால்வு மாத்தணும்னாங்க, தேதி 5 வாரம் கழிச்சு. பணம், யாரு கூடத் தங்குறது, ரத்தம் குடுக்க எந்தப் பையனக் கூட்டிட்டுப் போறதுன்னு அலைஞ்சிட்டு இருந்தோமே தவிர ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் 9.4னு இருந்தத ஒருத்தரும் கண்டுக்கல. ஒரு நர்ஸ் சேச்சிதான் அத்தையோட கீழ் இமைய இழுத்துப் பாத்துட்டு "விளர்ச்ச உண்டல்லோ அம்மே"ன்னாங்க, உள்ள செவப்பே இல்ல, வெளிறிப் போய் கெடந்துச்சு.

கம்மியா இருந்தா ரத்தம் ஏத்திட்டாப் போச்சுன்னு நெனைக்காதீங்க. வால்வு ஆபரேஷன்ல, ஹார்ட், நுரையீரலோட வேலைய அந்த நேரம் செய்யுற ஹார்ட்-லங் மெஷின்ல போடுவாங்க, அந்த ட்யூபுக்குள்ள ஏற்கனவே ஒரு லிட்டருக்கு மேல திரவம் நெறச்சு வச்சிருப்பாங்க, அது நம்ம ரத்தத்தோட கலந்ததும் ஹீமோகுளோபின் இன்னும் எறங்கிரும், ஒல்லியான பொம்பளைங்களுக்கு இது ரொம்பவே ஜாஸ்தி. அடுத்தவங்க ரத்தம் ஏறும்போது காய்ச்சல், அலர்ஜி, நுரையீரல்ல நீர் கோக்குறதுன்னு தொல்லைகளும் வரலாம். அதனால சரி பண்றத அட்மிஷனுக்கு முன்னாடியே பண்ணணும்.

ஆம்பளைக்கு 13, பொம்பளைக்கு 12க்குக் கீழ போனா ரத்தசோகை. ஹார்ட் ஆபரேஷனுக்குப் போறவங்கன்னா பொம்பளைக்கும் 13 இருந்தா நல்லதுன்னு நிறைய டாக்டருங்க சொல்றாங்க. ஹீமோகுளோபின் மட்டும் பாத்துட்டு இரும்பு மாத்திரை வாங்கிராதீங்க, ஃபெரிட்டின் (ஒடம்புல இருக்குற இரும்புச் சேமிப்பு), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்துல ஓடுற இரும்பு), பி12 வைட்டமின், கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) பாக்கணுமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. ஃபெரிட்டின் 30க்குக் கீழன்னா இரும்பு தீந்துபோச்சுன்னு அர்த்தம், ஒடம்புல அழற்சி (இன்ஃபிளமேஷன்) இருக்கிறவங்களுக்கு 100 வரைக்கும் இருந்தாலும் பத்தாம இருக்கலாம். அத்தைக்கு ஃபெரிட்டின் 11.

இரும்பு ஏன் கொறஞ்சுதுன்னும் தேடணும், இத விட்டுறாதீங்க. ஆஸ்பிரின் சாப்பிடுறவங்களுக்கு வயித்துல சொட்டு சொட்டா ரத்தம் கசியலாம், மூலம் இருக்கலாம், பெருந்தமனி வால்வு சுருங்கினவங்களுக்குக் குடல்ல ரத்தம் கசியுறது டாக்டருங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ரப்பர் தோட்டத்துல செருப்பில்லாம நடக்குறவங்களுக்குக் கொக்கிப்புழுவும் வரும்.

ஆபரேஷனுக்கு 2 மாசம் இருந்தா மாத்திரையே போதும். தெனம் ஒரு தடவ, இல்லன்னா ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயித்துல, எலுமிச்ச ஜூஸோட. நம்ம ஊர்ப் பழக்கம் என்னன்னா சாப்பிட்ட கையோட ஒரு கட்டன் சாயா, அதுதான் இரும்ப உள்ள போக விடாது, முன்னயும் பின்னயும் ரெண்டு மணி நேரம் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை வேண்டாம். காலைல போடுற அசிடிட்டி மாத்திரை பேன்டோப்ரசோலும் உறிஞ்சுறதக் கொறைக்கும், அதப் பத்தி டாக்டர்ட்ட கேளுங்க. மலம் கருப்பாப் போகும், பயப்படாதீங்க, தார் மாதிரி பிசுபிசுன்னு நாறிச்சுன்னா மட்டும் உடனே போங்க.

நாள் கம்மியா இருந்தா, மாத்திரை ஒத்துக்கலன்னா, ட்ரிப்ல இரும்பு ஏத்தச் சொல்லிக் கேளுங்க. அத்தைக்கு ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ்ங்கிற இரும்பு மருந்து 1000 மில்லிகிராம் ஒரே தடவையா ஏத்துனாங்க, கால் மணி நேரம்தான், அப்புறம் அலர்ஜி வருதான்னு அரை மணி நேரம் உக்கார வச்சாங்க. இது வேல செய்ய ரெண்டு மூணு வாரமாவது வேணும், அதனாலதான் தேதி கெடச்ச அன்னைக்கே கேளுங்கன்னு சொல்றேன்.

சாப்பாட்டுல ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), ஈரல், மீன், கூட நெல்லிக்காய் நல்லதுதான், ஆனா சாப்பாட்ட மட்டும் நம்பி இந்த நாளுக்குள்ள தேத்த முடியாது. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுறவங்க முருங்கக்கீரைய திடீர்னு தெனம் அள்ளிச் சாப்பிடாதீங்க, மருந்து வேல செய்யுறது கொறஞ்சிரும். க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தத்த இளக்குற மாத்திரைய என்னைக்கு நிறுத்தணும்னு டாக்டர் சொல்லுவாரு, நீங்களா நிறுத்தவே கூடாது. நெஞ்சுவலி அடிக்கடி வந்து அவசரமா பண்ணணும்னா ரத்தசோகைக்காகத் தள்ளிப் போடவும் கூடாது.

டாக்டர்ட்ட இன்னும் ரெண்டு கேளுங்க, ஆபரேஷன்ல கசியுற சொந்த ரத்தத்தையே கழுவித் திருப்பி ஏத்துற செல் சேவர் இருக்கா, ரத்தப்போக்கக் கொறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து போடுவீங்களான்னு. அத்தைக்கு ஆபரேஷன் அன்னைக்கு ஹீமோகுளோபின் 11.6 வந்துருச்சு, ஒரு யூனிட் ரத்தம்தான் ஏத்துனாங்க, கூட்டிட்டுப் போன பையன்கள்ல மூணு பேரு ரத்தம் குடுக்காமலே புனலூர் வழியா ஊருக்குத் திரும்பிட்டாங்க.