ஒரு ஜாக்கெட்டுக்கு 3,49,920 ரூபாய்: வலை நிரலாக்கம் கற்கத் தொடங்குபவர்களுக்கு

நான் தையல்காரி. கும்பகோணத்தில் 17 ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். தையற்கூலியையும் லைனிங் செலவையும் கூட்டி, வாங்கிய அட்வான்ஸைக் கழித்து, மீதி எவ்வளவு என்று சொல்லும் ஒரு சின்னப் பக்கம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வலை நிரலாக்கம் கற்றேன். நீங்களும் இப்படி ஒரு தேவையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுச் செய்யலாம் என்று உட்கார்ந்தால் காணொளிகள் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு இரண்டு மாதம் அப்படித்தான் போனது.

கைபேசியில் கற்க முயல வேண்டாம். கோண அடைப்புக்குறியைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். பழைய மடிக்கணினி போதும். எழுதுவதற்கு விஎஸ் கோட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. நோட்பேடிலும் எழுதலாம், ஆனால் அது கோப்பின் பெயருக்குப் பின்னால் நமக்குத் தெரியாமல் ‘டிஎக்ஸ்டி’ என்று ஒட்டிவிடும். பிரவுசரில் திறந்தால் பக்கத்துக்குப் பதில் நீங்கள் எழுதிய குறிகளே வந்து நிற்கும். சேமிக்கும்போது ‘எல்லாக் கோப்புகளும்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எச்டிஎம்எல்லில் தொடங்குங்கள். பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. எனக்கு வேண்டியிருந்தவை மூன்று பெட்டிகள், ஒரு பட்டன், விடை தோன்ற ஒரு வெற்றுப் பத்தி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளப் பெயர் வைக்க வேண்டும். அதைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதை அக்கா மகன் சொன்னபோது நான் நம்பவில்லை. ‘கூலி’, ‘லைனிங்’, ‘அட்வான்ஸ்’ என்று வைத்தேன், வேலை செய்தது. மொழிக்கே உரிய கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

தலைப்பகுதியில் இரண்டு வரிகளை மறக்காதீர்கள். எழுத்து முறை ‘யுடிஎஃப்-8’ என்று சொல்லும் வரி ஒன்று. அது இல்லாவிட்டால் உங்கள் கணினியில் ஒழுங்காகத் தெரியும் தமிழ், சில சர்வர்களில் ஏற்றியதும் கிறுக்கலாகிவிடும். பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் ‘வியூபோர்ட்’ வரி மற்றொன்று. அது இல்லாத பக்கம் கைபேசியில் எறும்பு அளவில் தெரியும்.

சிஎஸ்எஸ் தோற்றத்துக்கு. எழுத்தின் அளவு, பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி, பட்டனுக்கு ஒரு நிறம், இவ்வளவு தெரிந்ததும் நகர்ந்துவிடுங்கள். அழகுபடுத்தத் தொடங்கினால் முடிவே கிடையாது. ஜரிகை வைக்கும் வேலையைச் செய்தவள் சொல்கிறேன்.

பட்டனை அழுத்தியதும் கணக்குப் போடுவது ஜாவாஸ்கிரிப்ட். அதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். கூலி 350, லைனிங் 120, அட்வான்ஸ் 200 என்று என் பக்கத்தில் தட்டினேன். மீதி 270 வர வேண்டும். 3,49,920 ரூபாய் என்று வந்தது! கழித்தல் மட்டும் செய்து பார்த்தால் விடை சரி. கூட்டல் சேர்ந்தால் தப்பு. ஒரு மாலை முழுவதும் மண்டையைக் குடைந்தேன்.

காரணம் இதுதான். பெட்டியின் வகையை எண் என்று குறித்திருந்தாலும், அதிலிருந்து எடுக்கும் மதிப்பை ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துத் தொடராகவே தருகிறது. எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஒட்ட வேண்டும் என்று பொருள். ஆகவே 350உம் 120உம் ஒட்டி 350120 ஆயின. கழித்தல் குறிக்கு ஒட்டத் தெரியாது. அது இரண்டையும் எண்ணாக மாற்றிக் கழித்துவிட்டது. ஒவ்வொரு மதிப்பையும் ‘நம்பர்’ என்ற கட்டளையின் அடைப்புக்குள் போட்டுவிட்டுக் கூட்டினால் சரியாகிவிடும். இந்த மொழியின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995இல் பத்தே நாளில் எழுதினாராம். தீபாவளிக்கு முந்தின நாள் தையல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அவர்மேல் கோபமில்லை.

பக்கம் அசையாமல் நின்றால் எஃப்12 பொத்தானை அழுத்தி ‘கன்சோல்’ பகுதியைப் பாருங்கள். சிவப்பில் பிழையும் வரி எண்ணும் இருக்கும். ‘நல்’ என்ற சொல் அதில் தெரிந்தால், நீங்கள் தேடிய பெட்டி அகப்படவில்லை என்று அர்த்தம். அடையாளப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம். அல்லது பெட்டி உருவாகும் முன்பே நிரல் ஓடியிருக்கலாம். நிரலைப் பக்கத்தின் கடைசியில் வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் ஓடாது. வேர்டில் இருந்து எடுத்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறியும் இதே வேலையைக் காட்டும். அதனால் எதையும் ஒட்டாமல் கையால் தட்டுங்கள். விரல் பழகியபின் பிழை கண்ணில் தானே படும்.

சந்தேகம் வந்தால், இந்த மொழிகளை விளக்கும் எம்டிஎன் தளத்தைப் பாருங்கள். தமிழில் இல்லை, ஆனாலும் எடுத்துக்காட்டுகளைப் பார்த்தே பாதி புரியும். ஜாவாஸ்கிரிப்டில் பக்கங்களைக் கட்ட உதவும் ‘ரியாக்ட்’ படித்தாயா என்று யாராவது கேட்டால், இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

பக்கம் தயாரானதும், இணையத்தில் இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் காசில்லாமல் ஏற்றலாம். இலவசக் கணக்கில் அதற்கான கோப்புகளை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்க முடியும். அதனால் வாடிக்கையாளர்களின் பெயரையும் அளவுகளையும் நான் அதில் எழுதுவதில்லை. அவை இன்னும் பழைய நீல அட்டை நோட்டில்தான் இருக்கின்றன.