எதனோலில் இருந்து பியூற்றன்-2-ஓல்: கணினியோடு கற்பிக்கும் முறை

களுவாஞ்சிகுடியில் உயர்தர மாணவர்களுக்குச் சேதன இரசாயனம் கற்பிக்கிறேன். தாக்கங்களை அவர்கள் நன்றாகவே மனனம் செய்து வருகிறார்கள். ஆனால், எதனோலை மட்டும் சேதனத் தொடக்கப்பொருளாகக் கொண்டு பியூற்றன்-2-ஓல் தயாரிக்கச் சொன்னால் பேனை நின்றுவிடுகிறது. கணினியை வகுப்புக்குள் கொண்டுவர இந்த வினாவே போதும்.

முதலில் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். விளைபொருளைக் கரும்பலகையில் வரைந்து, எந்தக் காபன் பிணைப்பை வெட்டலாம் என்று கேளுங்கள். இப்படிப் பின்னோக்கிச் செல்லும் முறையை ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்க இரசாயனவியலாளர் ஈ. ஜே. கோரி. 1969 இலேயே அவரும் விப்கேயும் கணினியைக் கொண்டு தொகுப்பு வழிகளைத் திட்டமிடுவது பற்றி எழுதிவிட்டார்கள். கோரிக்கு 1990 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐதரொட்சைல் தாங்கும் காபனின் ஒரு பக்கத்தில் வெட்டினால் எதனலும் எதைல் கிறிக்னாட் சோதனைப்பொருளும் (காபனோடு மக்னீசியம் பிணைந்த சேர்வை) வரும். மறுபக்கத்தில் வெட்டினால் புரொப்பனலும் மெதைல் கிறிக்னாட்டும் வரும். இரண்டும் சரியான இரசாயனமே. எதனோல் இரண்டு காபன் கொண்டது என்பதால் முதல் வெட்டுத்தான் நமக்கு உதவும். இதை மாணவரே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

இனிக் கணினி. இப்படிப் பின்னோக்கி வெட்டித் தொகுப்பு வழி தேடும் ஐசின்த்ஃபைண்டர் (AiZynthFinder) என்ற மென்பொருள் இலவசமானது. மூலக்கூற்றை 'ஸ்மைல்ஸ்' (SMILES) குறியீட்டில், அதாவது கட்டமைப்பைக் காட்டும் எழுத்து வரிசையாக, கொடுக்க வேண்டும்: சி, சி, சி, அடைப்புக்குறிக்குள் ஒரு சி, கடைசியில் ஓ. ஐதரசனை எழுதத் தேவையில்லை. கிளை எங்கே பிரிகிறது என்பதை அடைப்புக்குறி காட்டுவதால், பெயரீட்டில் தடுமாறும் பிள்ளைக்கும் இது நல்ல பயிற்சி.

முக்கியமான வேலை இருப்புப் பட்டியலில் இருக்கிறது. கையிருப்பில் உள்ள சேர்வைகளை எட்டும்வரை இந்த மென்பொருள் வெட்டிக்கொண்டே போகும். வழக்கமான பட்டியலில் கடையில் வாங்கக்கூடிய எண்ணற்ற சேர்வைகள் இருக்கும். அதை எடுத்துவிட்டு எதனோலை மட்டும் போடுங்கள். அப்போதுதான் அது நம் வினாவுக்கு விடை தேடும். தேடல் வெறுமையாக முடிந்தால் எதனலையும் எதைல்மக்னீசியம் புரோமைட்டையும் சேர்த்துவிட்டு, எஞ்சிய படிகளை மாணவர் கையால் நிரப்பட்டும்.

அம்புக்குறியின் மேல் எழுத வேண்டிய சோதனைப்பொருள்களையும் நிபந்தனைகளையும் அது தராது. புள்ளிகள் இருப்பதோ அங்கேதான். எதனோலை எதனலாக்க பி.சி.சி. (பிரிடினியம் குளோரோகுரோமேற்று என்ற மென்மையான ஒட்சியேற்றி) வேண்டும், அமில இருகுரோமேற்று எதனோயிக் அமிலம்வரை கொண்டுபோய்விடும். எதனோலில் இருந்து பெற்ற புரோமோஎதேனுடன் மக்னீசியம் தாக்கமுற உலர் ஈதர் வேண்டும். அதில் நீரோ எஞ்சிய எதனோலோ இருந்தால் கிறிக்னாட் அழிந்து எதேன்தான் மிஞ்சும். நீர்ப்பகுப்பு கடைசியில், தனிப் படியாக வர வேண்டும். இவற்றை ஒவ்வொருவரும் எழுதிக் காட்டாமல் அடுத்த வினாவுக்குப் போவதில்லை.

அடுத்த வினா: அதே எதனோலில் இருந்து 3-மெதைல்பென்ரன்-3-ஓல். இங்கும் பென்சில்தான் முதலில்.