நாடு என்பது ஒரு ஆள் இல்லை: வர்த்தகம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக வர்த்தகம் பற்றி எந்தப் பேச்சு வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஒருவர் "அந்த நாடு நம்மைக் கொள்ளையடிக்கிறது" என்பார், எதிரே இருப்பவர் "வர்த்தகத்தால் எல்லாருக்கும் லாபம்தான், பொருளாதாரம் படித்துப் பாருங்கள்" என்பார். இரண்டு பேரும் செய்வது ஒரே தவறு. நாட்டை ஒரே ஆளாக, ஒரே பையில் பணம் வைத்திருக்கிற ஆளாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கீழே வருகிற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் பற்றாக்குறை. விற்றதைவிட வாங்கியது அதிகம் என்றால் அந்த வித்தியாசத்துக்கு வர்த்தகப் பற்றாக்குறை என்று பெயர். பெயரிலேயே 'குறை' இருப்பதால் அதை நஷ்டக் கணக்காகப் படித்துவிடுகிறோம், கொடுத்த பணத்துக்குச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது என்பது மறந்துபோகிறது. ஒரு நாட்டிடம் எண்ணெய் வாங்கி, ஆலை ஓட்டி, துணியை மூன்றாவது நாட்டுக்கு விற்கிறவர்களுக்கு அந்த எண்ணெய் நாட்டோடு எப்போதுமே பற்றாக்குறைதான் இருக்கும், அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை. மொத்தக் கணக்கை எடுத்தாலும் கதை நேர்க்கோட்டில் போகாது. அமெரிக்காவுக்கு 1976 முதல் ஒவ்வொரு ஆண்டும் பற்றாக்குறை. ஆனால் 1930களின் பெருமந்தத்தில், வேலை போனவர்கள் இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற காலத்தில், பெரும்பாலான ஆண்டுகளில் அதே நாட்டுக்கு உபரி! அப்படியானால் பற்றாக்குறை பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதை எந்தப் பணத்தால் ஈடுகட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தாய்லாந்து 1990களில் வெளிநாட்டிலிருந்து குறுகிய காலக் கடன் வாங்கி ஈடுகட்டியது, அந்தப் பணத்தில் கணிசமான பகுதி நிலத்திலும் கட்டடங்களிலும் போய் முடங்கியது. கடன் கொடுத்தவர்கள் பின்வாங்கத் தொடங்கியதும் பாட் நாணயத்தின் மதிப்பைப் பிடித்து நிறுத்த முடியாமல், 1997 ஜூலை 2 அன்று அந்த முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

அடுத்தது, பெட்டியில் எந்த நாட்டின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அந்த நாட்டுக்கே பணம் முழுவதும் போகிறது என்று நம்புவது. 2009-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஐபோன் 3ஜி-யை ஆய்வாளர்கள் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு போனுக்கு உற்பத்திச் செலவு 178.96 டாலர். திரையும் நினைவகமும் ஜப்பானின் தோஷிபாவிடமிருந்து, பிராசஸர் கொரியாவின் சாம்சங்கிடமிருந்து, இன்னும் சில சிப்புகள் ஜெர்மனி, அமெரிக்க நிறுவனங்களிடமிருந்து. இதையெல்லாம் கோத்து போனாக்கிக் கொடுத்ததற்குச் சீனாவில் தங்கியது 6.50 டாலர். ஆனால் சுங்கப் புள்ளிவிவரத்தில் கிட்டத்தட்ட 179 டாலரும் சீன ஏற்றுமதி என்றே பதிவாகும், ஏனென்றால் கப்பல் அங்கிருந்துதானே கிளம்பியது! சீனாவில் உள்ளூர் உதிரிபாகங்களின் பங்கு அதற்குப் பிறகு நிறையக் கூடிவிட்டது, அது வேறு விஷயம். ஆனாலும் இருதரப்புப் பற்றாக்குறை எண்ணை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு போனை நினைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், "வரி போட்டால் அவன் கட்டுவான்." இறக்குமதி வரி எங்கே கட்டப்படுகிறது என்று பாருங்கள். கன்டெய்னர் துறைமுகத்தில் இறங்குகிறது, இறக்குமதி செய்தவருடைய ஏஜென்ட் பத்திரங்களைச் சமர்ப்பிக்கிறார், வரிக்குப் பொறுப்பு இறக்குமதி செய்தவர்தான். விற்ற வெளிநாட்டுக்காரர் அந்த இடத்திலேயே இல்லை. சந்தையை இழக்க மனமில்லாமல் அவர் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம், அந்த அளவுக்கு அவர் தலையிலும் பாரம் ஏறும். மீதியை இறக்குமதியாளரும் வாங்குகிறவரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியதுதான். 2018 தொடக்கத்தில் அமெரிக்கா இறக்குமதி வாஷிங் மெஷின்களுக்கு வரி போட்டது. மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது, அது எதிர்பார்த்ததுதான். வரியே இல்லாத துணி உலர்த்தும் டிரையரின் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது! இரண்டையும் ஜோடியாக வாங்குகிறவர்கள் அதிகம் என்பதால் கம்பெனிகள் ஏற்றத்தை இரண்டின் மேலும் பிரித்துப் போட்டுவிட்டன, உள்நாட்டுத் தயாரிப்பாளர்களும் போட்டி குறைந்ததால் விலையை ஏற்றிக்கொண்டார்கள். புதிதாக உருவான வேலைகள் சுமார் 1,800. வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்த பணத்தை அதால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. அந்த 1,800 பேருக்கு அது நல்ல வேலைதான், நான் மறுக்கவில்லை. "அவன் கட்டினான்" என்பது மட்டும் பொய்.

சின்னத் தவறு ஒன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடும் சூத்திரத்தில் இறக்குமதிக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதைக் காட்டி, இறக்குமதி செய்தால் ஜிடிபி குறையும் என்பார்கள். மக்கள் செலவு, முதலீடு என்ற வரிகளில் வெளிநாட்டுச் சரக்கும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, அதை வெளியே எடுக்கத்தான் அந்தக் கழித்தல். அவ்வளவுதான்.

இனி, "எல்லாருக்கும் லாபம்தான்" என்கிற எதிர்த்தரப்பின் தவறு. ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-ல் போட்ட கணக்கு: ஒரு குறிப்பிட்ட அளவு துணி நெய்ய ஓராண்டுக்கு இங்கிலாந்தில் 100 பேர், போர்ச்சுகலில் 90 பேர் வேண்டும். அதற்கு ஈடான ஒயினுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. போர்ச்சுகல் இரண்டிலுமே கெட்டி. ஆனாலும் அது 80 பேரை வைத்து ஒயின் செய்து, அதைக் கொடுத்துத் துணி வாங்கினால் 10 பேருடைய உழைப்பு மிச்சம், இங்கிலாந்துக்கோ 20 பேருடைய உழைப்பு மிச்சம். பலமான நாடு எல்லாவற்றையும் தானே செய்து மற்றவர்களை ஒழித்துவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் இன்றுவரை கிடையாது.

சரி, போர்ச்சுகலில் துணி நெய்துகொண்டிருந்த அந்த 90 பேர்? கணக்கில் அவர்கள் மறுநாள் காலையில் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 1999-க்கும் 2011-க்கும் இடையில் சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போனதாக ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை பெரிய நாட்டில் அது சின்ன எண் மாதிரி தெரியும். ஆனால் அடி நாடெங்கும் சமமாக விழவில்லை, மேசை நாற்காலி செய்த ஊர்களிலும் துணி ஆலை ஊர்களிலும் குவிந்து விழுந்தது. வேலை போனவர்கள் வேறு ஊருக்கு நகர்வார்கள் என்று பாடப்புத்தகம் எதிர்பார்த்தது, பெரும்பாலானோர் நகரவில்லை. வீடு அங்கே, வயதான பெற்றோர் அங்கே, ஆலை மூடிய ஊரில் வீட்டை விற்கப் போனால் வாங்கத்தான் யார் வருவார்கள்? மலிவான சட்டையின் லாபம் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தது, நஷ்டம் சிலர் மேல் மொத்தமாக இறங்கியது. அதற்காக மூடிய ஒவ்வொரு ஆலைக்கும் இறக்குமதியைக் குற்றம் சொல்வதும் தவறு, இயந்திரங்களும் ஆட்களைக் குறைத்துக்கொண்டேதான் வந்தன.

கடைசியாக, உலகமயமாக்கல் ஏழைகளை வாழவைத்ததா, வாட்டியதா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கேட்பது. 1990-ல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கடும் வறுமையில் இருந்தார்கள், 2019-க்குள் அது 10 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. அதில் பெரும்பங்கு ஏற்றுமதி ஆலைகள் பெருகிய சீனாவிலும் மற்ற ஆசிய நாடுகளிலும் நடந்தது, வர்த்தகம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும். அதே மாதிரி ஏற்றுமதி ஆலைகள் இருந்த கட்டடம்தான் வங்கதேசத்தின் ராணா பிளாசாவும். 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் தெரிந்தது. மறுநாள் கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் திறக்கவில்லை, மேலே தையல் வேலை செய்தவர்களை மட்டும் வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது, இறந்தவர்கள் 1,134 பேர். அதன் பிறகுதான் 200-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, பொறியாளர்கள் ஆலை ஆலையாகப் போய்த் தூண்களையும் மின்கம்பிகளையும் வெளியேறும் கதவுகளையும் சோதித்தார்கள். அதே ஆலைகளிலிருந்து அதே சட்டைகள் அதற்குப் பிறகும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன.