பவர்பாயிண்டைத் திறக்கும் முன்

பிரசன்டேஷன் என்றதும் பலர் முதலில் பவர்பாயிண்டைத்தான் திறக்கிறார்கள். முப்பது ஸ்லைடு சேர்ந்துவிடும். என்ன சொல்ல வந்தோம் என்பது மட்டும் பிடிபடாது. மேடைப் பதற்றத்தில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது. அதனால் முதலில் ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: கேட்டுவிட்டு வெளியே போகிறவர் இன்னொருவரிடம் எதைச் சொல்ல வேண்டும்? அது எழுத வரும்வரை கணினியைத் தொடாதீர்கள். வந்துவிட்டால், அதைத் தாங்கிப்பிடிக்க மூன்று விஷயங்கள் போதும். நான்காவது எவ்வளவு அருமையாக இருந்தாலும் கேள்வி நேரத்துக்குத் தள்ளுங்கள்.

20 நிமிடம் கொடுத்தால் 16 நிமிடத்துக்குத் தயாரியுங்கள். கூட்டம் தாமதமாகத் தொடங்கும், நடுவில் யாராவது குறுக்கிடுவார்கள். நேரம் போதாவிட்டால் எதை விடுவது, எந்த ஸ்லைடுக்குத் தாவுவது என்பதையும் முன்பே குறித்து வையுங்கள். ஸ்லைடு ஷோவில் அந்த எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போய்விடலாம். எல்லார் கண்முன்னும் பத்து ஸ்லைடுகளைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு போகும் சங்கடம் இருக்காது.

ஸ்லைடு எளிமையாக இருக்கட்டும்: ஒன்றுக்கு ஒரு கருத்து, எழுத்து 24 பாயிண்டுக்குக் குறையாமல். ‘விற்பனை நிலவரம்’ என்பதைவிட ‘விலை ஏறியதும் விற்பனை சரிந்தது’ என்ற தலைப்பு நன்றாக வேலை செய்யும்.

உண்மையான உழைப்பு ஒத்திகையில்தான். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. அங்கே எல்லாமே சரளம்தான். நின்றபடி, வாய்விட்டு, கடிகாரம் வைத்து மூன்று முறையாவது பேசுங்கள். ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இடங்களில்தான் நாக்கு தடுமாறும். அந்த இணைப்பு வாக்கியங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்தால், ஒரு சொல் நழுவினாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். மனப்பாடம் ஆக வேண்டியவை முதல் நான்கு வாக்கியங்களும் கடைசி இரண்டும்தான். படபடப்பு பெரும்பாலும் தொடக்கத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் வாய் தானாகப் பேச வேண்டும். ‘சரியாகத் தயாராக முடியவில்லை, மன்னிக்கவும்’ என்று தொடங்காதீர்கள். யாரும் கவனிக்காத குறையை நீங்களே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்?

மேடையேறும் முன் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்தாறு முறை போதும். கை நடுங்குமா? குறிப்புகளைக் கெட்டி அட்டையில் எழுதுங்கள், மெல்லிய தாள் நடுக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். லேசர் பாயிண்டர் அதைவிட மோசம்: மணிக்கட்டின் சிறு அசைவுகூடத் திரையில் பெரிய ஆட்டமாகத் தெரியும்.

அரைமணி நேரம் முன்பே போய்ப் புரொஜெக்டரில் இணைத்துப் பாருங்கள். பென்டிரைவில் பிடிஎஃப் பிரதி கட்டாயம். பழைய, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பேசும்போது கேட்பவர்களின் பார்வை திரையிலேயே நிற்கிறது என்றால் ‘B’ விசையை அழுத்துங்கள்; திரை கறுத்து, எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள்.

கேள்வி வந்தால் எல்லாருக்கும் கேட்கும்படி அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தொடங்குங்கள். யோசிக்கவும் அவகாசம் கிடைக்கும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எப்போது பதில் தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைக் கேள்விகள் முடிந்த பிறகு சொல்லுங்கள். இல்லையென்றால், யாரோ கேட்ட ஒரு கிளைக் கேள்விக்கான பதில்தான் உங்கள் பேச்சின் முடிவாக நின்றுவிடும்.