பிழை வந்தால் லொக் ஃபைலை அழிக்காதீர்கள்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகளின் ஜாவாஸ்கிரிப்ட் குழுப் புரொஜெக்ட்களில் ஒரு பழக்கம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஏதாவது பிழை வந்தவுடன், இறக்கிய பெக்கேஜ்கள் (பிறர் எழுதிய ஆயத்த கோட்) கிடக்கும் நோட் மொடியூல்ஸ் ஃபோல்டரையும், அவற்றின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லொக் ஃபைலையும் சேர்த்து அழித்துவிட்டு, பெக்கேஜ்களை இறக்கி நிறுவும் என்பிஎம் இன்ஸ்டோல் கட்டளையை மறுபடி கொடுக்கிறார்கள். ஃபோல்டரை மட்டும் அழித்தால் பரவாயில்லை. முன்பு இறக்கியவை கணினியின் கேச்சில் (சேமிப்பில்) கிடக்கும், பெரும்பாலும் அங்கிருந்தே வந்துவிடும். லொக் ஃபைல் போனால்தான் சிக்கல்.

புரொஜெக்ட்டுக்கு வேண்டிய பெக்கேஜ்களைப் பட்டியலிடும் பெக்கேஜ் ஜேசன் ஃபைலில் ^1.2.3 என்று இருந்தால், அதிலிருந்து 2.0.0-க்கு முன்வரை எந்தப் பதிப்பும் சரி என்று பொருள். நீங்கள் கேட்டது பத்துப் பெக்கேஜ் என்றாலும் அவை இழுத்து வருபவை நூற்றுக்கணக்கில் போகலாம். ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு என்ற முடிவு லொக் ஃபைலில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொன்றின் விபரத்தையும் சேர்வரிடம் கேட்டு, முதலிலிருந்து தெரிவு செய்யவேண்டும். ஹொட்ஸ்பொட் டேட்டாவும் நேரமும் போவது ஒருபுறம். களுவாஞ்சிக்குடியில் இருப்பவருக்கு ஒரு பதிப்பும் கல்முனையில் இருப்பவருக்கு இன்னொன்றும் வந்து, ஒருவருக்கு ஓடுவது மற்றவருக்கு ஓடாமல் போகும். அந்தப் பிழையைத் தேடுவது மிகக் கஷ்டம்.

ஆகவே லொக் ஃபைலைக் கட்டாயம் கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவியில்) சேருங்கள். புதிதாக இறக்குபவர் என்பிஎம் சிஐ கொடுக்கட்டும். அது லொக் ஃபைலில் உள்ளதை அப்படியே நிறுவும். பெக்கேஜ் ஜேசனோடு பொருந்தாவிட்டால் நின்றுவிடும். இருவரின் மாற்றங்களை மெர்ஜ் செய்யும்போது (இணைக்கும்போது) லொக் ஃபைலில் மோதல் வந்தாலும் அழிக்கத் தேவையில்லை. பெக்கேஜ் ஜேசனில் உள்ள மோதலைக் கையால் தீர்த்துவிட்டு என்பிஎம் இன்ஸ்டோல் கொடுங்கள், மீதியை அதுவே சரிசெய்யும்.

அப்புறம் இன்னொரு பழக்கம், சின்ன வேலைக்கெல்லாம் பெக்கேஜ் தேடுவது. 2016 மார்ச்சில், எழுத்துத்தொடரின் இடப்பக்கத்தை வேண்டிய நீளத்துக்கு நிரப்பும் லெஃப்ட்பேட் என்ற 11 வரிப் பெக்கேஜை எழுதியவர் அதை நீக்கியதும் உலகெங்கும் பல புரொஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. இன்று அந்த வேலைக்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே பேட்ஸ்டார்ட் இருக்கிறது.

ஒரே லெப்டொப்பில் பல புரொஜெக்ட் வைத்திருப்பவர்கள் என்பிஎம்முக்குப் பதிலாக பிஎன்பிஎம் என்ற கருவிக்கு மாறலாம். ஒரு பதிப்பை டிஸ்க்கில் ஒருமுறை மட்டும் வைத்து, எல்லாப் புரொஜெக்ட்டுக்கும் ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) கொடுக்கிறது.

பாடசாலைக் கணினிக் கூடங்களில் உபுண்டு போடுபவர்களுக்கும் இதே கதைதான். உபுண்டுவில் பெக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட், நீங்கள் கேட்டதோடு பரிந்துரைக்கப்பட்டவற்றையும் சேர்த்தே நிறுவும். வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம். ஒரு கணினியில், இறக்கிய பெக்கேஜ்களைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் ஆப்ட் கேச்சர் என்ஜியைப் போட்டு மற்றவற்றை அதன் வழியாக விட்டால், எத்தனை கணினி இருந்தாலும் ஒரு பெக்கேஜ் இணையத்திலிருந்து ஒருமுறைதான் இறங்கும்.