ஆங்கில வகுப்பில் விளையாட்டு: ஓடுகிறார்கள் சரி, பேசுகிறார்களா?

ஆங்கில வகுப்பில் விளையாட்டு என்றால் பிள்ளைகளுக்குக் கும்மாளம்தான். ஆனால் கும்மாளத்தை மட்டும் பார்த்து வகுப்பு நன்றாகப் போனது என்று முடிவு கட்ட முடியாது. மணி அடித்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டது, எத்தனை முறை வாய் திறந்து பேசியது? தொடக்கப் பள்ளியில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்தக் கணக்கில் மாட்டிவிடும்.

கரும்பலகையில் படங்களை ஒட்டிவைத்து, ஆசிரியர் ஒரு சொல்லைச் சொன்னதும் இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கொருவர் ஓடிவந்து தொடும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பார்க்க அமர்க்களமாக இருக்கும். வகுப்பில் 32 பேர், ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் என்றால், ஒரு முறை ஓடிய பிள்ளைக்கு மறுபடி வாய்ப்பு வர 16 நிமிடம் ஆகும். 40 நிமிட வகுப்பில் இரண்டு மூன்று முறை ஓடியிருக்கும், ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசியிருக்காது. பேசியது ஆசிரியர் ஒருவர்தான். அதே படங்களைச் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டி நாலு பேருக்கு ஒரு கட்டு கொடுத்துவிட்டால், எட்டுக் குழுவிலும் ஒரே நேரத்தில் பேச்சு நடக்கும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இதைவிடப் பெரிய தவறு 'அவுட்'. 'சைமன் சேஸ்' தெரியும்தானே? தலையைத் தொடு, குதி, உட்கார் என்று கட்டளை வரும். சைமன் சொன்னதாக வந்தால் மட்டும் செய்ய வேண்டும், தப்பாகச் செய்தவர் வெளியே. இதில் முதலில் வெளியே போவது யார்? சொல் புரியாத பிள்ளைதான். பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, ஏற்கெனவே எல்லாம் தெரிந்த இரண்டு பேர் கடைசிவரை ஆடுகிறார்கள். தரையில் இரண்டு வட்டம் போடுங்கள். ஒன்றில் தப்புச் செய்தவர் மற்றதற்குப் போய் ஆட்டத்தைத் தொடரட்டும். மியூசிக்கல் சேரிலும் நாற்காலியைக் குறைத்துக்கொண்டே போக வேண்டாம். ஒரே ஒரு நாற்காலி குறைவாக இருக்கட்டும். நிற்கும் பிள்ளை உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்த சுற்றுக்கு வரலாம்.

சைமன் சேஸில் பிள்ளை வாயே திறப்பதில்லையே என்று கேட்கலாம். ஒன்றாம் வகுப்பில் அது குறையே இல்லை. கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்வதையே ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர். 1960களிலிருந்து அவர் சொல்லிவந்தது, முதலில் கேட்டுப் புரியட்டும், பேச்சு தயாரானபோது வரும் என்பதுதான். அதனால் வாய் திறக்காத பிள்ளையை நடுவில் நிறுத்திச் 'சொல்லு, சொல்லு' என்று நெருக்கக் கூடாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் வந்த பிறகு ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று, கற்றலில் கீழிருந்து மேலாக, மூன்று நிலைப் பிள்ளைகள் இருப்பது ஆசிரியர்களுக்குப் பழகிவிட்டது. விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தலாம். மலர் நிலைப் பிள்ளை கட்டளை கொடுக்கட்டும், அரும்பு நிலைப் பிள்ளை கேட்டுச் செய்யட்டும். ஒரே ஆட்டம், வேறு வேறு வேலை.

அடுத்தது ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவது. படத்தைக் காட்டினால் 'ஆப்பிள்', 'பஸ்', 'கேட்' என்று கத்துவார்கள். இதில் பாதிச் சொற்கள் பள்ளிக்கு வரும் முன்பே அவர்களுக்குத் தெரியும். தெருவில் 'கலர் கலர் வாட் கலர் டு யூ வான்ட்?' என்று கத்திவிட்டுச் சிவப்பைத் தேடி ஓடும் பிள்ளையின் வாயில் ஒரு முழு ஆங்கிலக் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. அதை வகுப்புக்குள் கொண்டுவந்து, கலர் இருந்த இடத்தில் பழத்தையோ விலங்கையோ வைத்தாலே போதும். 'ஐ வான்ட் எ மேங்கோ' என்ற பதிலும் சேர்ந்து வரும். ஜோடி சேர்க்கும் சீட்டு விளையாட்டிலும் இப்படித்தான். விரலை நீட்டினாலே சீட்டு கிடைக்கும் என்றால் ஆங்கிலம் எதற்கு? 'டு யூ ஹேவ் எ கேட்?' என்று கேட்டால்தான் சீட்டு என்று விதியை மாற்றுங்கள். பத்து நிமிடத்தில் அந்தக் கேள்வி எத்தனை முறை வருகிறது என்று நீங்களே எண்ணலாம்.

விதிகளை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருப்பது வீண் பிடிவாதம். தமிழில் ஒரு வரி சொல்லி, இரண்டு பிள்ளைகளை முன்னால் அழைத்து ஆடிக் காட்டுங்கள். ஆட்டத்துக்குள் பேசும் மொழி ஆங்கிலமாக இருந்தால் சரி. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொல்லித்தரும் சொற்களை வைத்து உடனே போட்டி நடத்துவதும் வேண்டாம். அப்போது ஊகிக்கத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார்.

சீட்டுகளில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பன்றிக்கும் 'பிக்'தான், பெரியதுக்கும் 'பிக்'தான். நம் எழுத்து காட்டாத இந்த ஒலி வித்தியாசத்தைக் காதுதான் பழக வேண்டும். பன்றிப் படம் ஒரு சுவரில், பெரிய யானைப் படம் எதிர்ச் சுவரில். ஆசிரியர் சொல்வதைக் கேட்டு அந்தப் பக்கம் ஓட வேண்டும். எழுத்தே இல்லாமல் நடக்கும் இந்த ஆட்டத்தில் பிள்ளைகள் ரொம்ப உன்னிப்பாகக் கேட்பார்கள். ஹேங்மேன் போல எழுத்துகளை ஊகிக்கும் ஆட்டங்கள் நாலு, ஐந்தாம் வகுப்புவரை காத்திருக்கலாம்.

நடுவில் நிறுத்தித் திருத்துவதையும் விட்டுவிடுங்கள். காதில் விழுந்த தவறுகளில் பலர் சொன்ன ஒன்றிரண்டை மட்டும் குறித்துவைத்து, யார் சொன்னது என்று சொல்லாமல் ஆட்டம் முடிந்ததும் பார்க்கலாம்.

அப்புறம், போன். வீட்டில் செயலியைத் திறந்து பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்று நம்பும் பெற்றோர் நிறைய. சரியான படத்தைத் தட்டினால் நட்சத்திரம் விழும் ஆட்டங்களில், தட்டித் தட்டிப் பார்த்தே பிள்ளை விடையைக் கண்டுபிடித்துவிடும். போனை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை 'டச் த ரெட் கார்' என்று சொல்லட்டும், நீங்கள் தட்டுங்கள். வேண்டுமென்றே நீலக் காரைத் தட்டுங்கள். 'நோ, நோ, ரெட்!' என்று சத்தம் வரும்.