எக்ஸோம் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

மரபணு நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் இப்போது பெரும்பாலும் எழுதித்தரப்படுவது எக்ஸோம் டெஸ்ட். ரிப்போர்ட் பல பக்கம் வரும். முதல் பக்கத்தில் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’, ‘வி.யூ.எஸ்.’ (பொருள் இன்னும் தெரியாத மாற்றம்) என்று ஏதாவது ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. இந்த ரிப்போர்ட் சர்க்கரை அளவு போன்ற ஓர் எண் அல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்த அறிகுறிகளை வைத்து, அன்றைய தேதியில் உலகம் அறிந்திருந்ததை வைத்து, லேப் சொல்லும் கருத்து. கேட்ட கேள்வி சரியில்லை என்றால் பதிலும் சரியிருக்காது.

ஆகவே வேலை ரத்தம் எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது.

சாம்பிள் கொடுப்பதற்கு முன்

எக்ஸோம் என்பது சுமார் 20,000 மரபணுக்களில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதி. மொத்த டி.என்.ஏ.வில் அது 1 முதல் 2 சதவீதம்தான். ஆனாலும் எந்த மனிதரை எடுத்தாலும் இந்தப் பகுதியில் மட்டும் 20,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள் கிடைக்கும். அவற்றை லேப் சலித்து எடுப்பது படிவத்தில் எழுதியுள்ள அறிகுறிகளைக் கொண்டு. ‘வளர்ச்சி தாமதம்’ என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினால் சல்லடைக்குக் கண்ணே இல்லாமல் போகிறது. படிவத்தில் இருக்க வேண்டியவை: தொல்லை தொடங்கிய வயது, எது முதலில் வந்தது எது பிறகு, தலைச் சுற்றளவு, வலிப்பு உண்டா, காது கண் பரிசோதனை முடிவு, எம்.ஆர்.ஐ. சொன்னது, சி.கே., லாக்டேட் போன்ற ரத்த முடிவுகள், மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம், பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா, குடும்பத்தில் சிறு வயதில் இறந்த குழந்தைகள் உண்டா. சில இழப்புகளைச் சொல்ல மனம் வராது. ஆனால் அந்தக் கடைசி வரிதான் பல நேரம் விடையைக் காட்டிக் கொடுக்கிறது.

ரத்தம் ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாயில், பெரும்பாலும் 2 முதல் 4 மில்லி. எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்துவிட்டால் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வேலையை ஹெப்பாரின் தடுக்கும், சாம்பிள் திரும்பி வரும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் கொடையாளியின் வெள்ளணுக்கள் கலந்திருக்கலாம். சில வாரம் பொறுக்கச் சொல்வார்கள்; எத்தனை வாரம் என்று லேபிடமே கேளுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவருக்கு ரத்தம் உதவவே உதவாது, அது கொடையாளியின் டி.என்.ஏ.வைத்தான் காட்டும். எச்சிலிலும் ரத்த வெள்ளணுக்கள் உண்டு என்பதால் அதையும் நம்ப முடியாது. தோலில் சிறு துண்டு எடுத்துச் செல் வளர்த்துச் செய்வதே வழி.

கையில் பணம் இருந்தால் குழந்தைக்கு மட்டும் செய்யாமல் அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் சேர்த்து ‘டிரையோ’ செய்வது மேல். பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றத்தை நேரடியாகக் காட்டுவது அதுதான். பணம் இல்லையென்றால் பெற்றோரின் சாம்பிளையாவது எடுத்துச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

முதலில் கடைசிப் பக்கம்

ரிப்போர்ட் வந்ததும் பெயர், வயது, சாம்பிள் எண், எழுதிய அறிகுறிகள் சரியா என்று பாருங்கள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். ‘இந்த டெஸ்ட்டால் கண்டுபிடிக்க முடியாதவை’ என்ற பகுதி அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும்.

தண்டுவடத் தசைச் சிதைவு நோயான எஸ்.எம்.ஏ.வில் பெரும்பாலோருக்கு எஸ்.எம்.என்.1 மரபணுவின் 7-ஆம் எக்ஸான் (புரதக் குறிப்புள்ள துண்டு) இல்லாமல் போயிருக்கும். பக்கத்திலேயே ஏறத்தாழ அதே எழுத்துகள் கொண்ட எஸ்.எம்.என்.2 இருப்பதால் சாதாரண எக்ஸோம் இதைத் தவறவிடலாம், பிரதிகளின் எண்ணிக்கையை அளக்கும் எம்.எல்.பி.ஏ. என்ற தனி டெஸ்ட் வேண்டும். டூஷேன் தசைநோயில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் மரபணுவில் பெரிய துண்டு விடுபடுவது. அங்கும் முதலில் எம்.எல்.பி.ஏ.தான். ஃபிரஜைல் எக்ஸ், ஹன்டிங்டன், ஃபிரீட்ரிக் அட்டாக்சியா ஆகியவை ஒரே மூன்றெழுத்து திரும்பத் திரும்ப நீள்வதால் வருபவை. எக்ஸோம் துண்டு துண்டாகப் படிப்பதால் அந்த நீளத்தை அளக்க முடியாது. பிராடர்-வில்லி நோய்க்கு டி.என்.ஏ. மீதுள்ள ரசாயனக் குறிகளைப் பார்க்கும் மெத்திலேஷன் டெஸ்ட் வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. சேர்த்திருக்கிறார்களா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். டாக்டர் சந்தேகப்பட்டது இவற்றில் ஒன்று என்றால், ‘நெகட்டிவ்’ என்ற எக்ஸோம் ரிப்போர்ட் அந்த நோயைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்று பொருள்.

அங்கேயே ஆழமும், அதாவது ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதும், எழுதியிருக்கும். சராசரி 80 அல்லது 100 முறை என்று போட்டிருப்பதைவிட, எத்தனை சதவீத எழுத்துகள் குறைந்தது 20 முறை படிக்கப்பட்டன என்பதே முக்கியம். அது 95-க்கும் கீழே என்றால், டாக்டர் சந்தேகப்படும் மரபணு முழுதாகப் படிக்கப்பட்டதா என்று லேபுக்குக் கேட்டு எழுதுங்கள். கேட்டால் மரபணு வாரியாகத் தருவார்கள்.

மாற்றம் எழுதியுள்ள வரி

அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்வோம். வரியில் எச்.பி.பி. என்ற மரபணுப் பெயர், ஒரு டிரான்ஸ்கிரிப்ட் எண் (மரபணுவின் எந்த நகலை வைத்து எண்ணினார்கள் என்பது), ‘சி.20ஏ>டி’, ‘பி.குளு7வால்’ என்று இருக்கும். ‘சி.’ டி.என்.ஏ. எழுத்தைக் குறிக்கிறது: 20-ஆம் இடத்தில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. ‘பி.’ புரதத்தைக் குறிக்கிறது: 7-ஆம் அமினோ அமிலம் குளுட்டமிக் அமிலத்திலிருந்து வாலினாக மாறியுள்ளது. பழைய ரிப்போர்ட்களில் இதே மாற்றம் 6 என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. முன்பு தொடக்கத்திலுள்ள மெத்தியோனினை எண்ணாமல் விட்டார்கள், இப்போது எண்ணுகிறார்கள். அண்ணன் ரிப்போர்ட்டில் 6, தம்பி ரிப்போர்ட்டில் 7 என்று பார்த்துப் பதறத் தேவையில்லை. டிரான்ஸ்கிரிப்ட் எண் மாறினாலும், ஒப்பிடப் பயன்படும் ஜீனோம் பதிப்பு 37-இலிருந்து 38-க்கு மாறினாலும் இப்படி எண்கள் மாறும். ஆகவே குடும்பத்தில் இன்னொருவருக்கு டெஸ்ட் செய்யும்போது முழு வரியையும் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிச் செய்த டெஸ்ட் வேறு இடத்தைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று வரும்.

‘சி.92+5ஜி>சி’ போன்று கூட்டல் குறி வந்தால் எக்ஸானைத் தாண்டி ஐந்தாம் எழுத்து. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காரணமாவது இந்த மாற்றம்தான்.

அடுத்து, எத்தனை பிரதியில். ஹெட்டிரோசைகஸ் என்றால் இரண்டு பிரதிகளில் ஒன்றில். ஹோமோசைகஸ் என்றால் இரண்டிலும். ஆண்களின் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே ஒரு பிரதிதான் என்பதால் ஹெமிசைகஸ். இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் நோயில், ஒரே மரபணுவில் இரு வேறு ஹெட்டிரோசைகஸ் மாற்றங்கள் வந்திருந்தால் அங்கே நிதானம் வேண்டும். இரண்டும் ஒரே பிரதியில் இருந்தால் மற்றப் பிரதி நன்றாகவே இருக்கிறது, நோய்க்கு அது காரணமாகாது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பெற்றோர் சாம்பிளில் உறுதிசெய்யாமல் இதை நோய்க் காரணம் என்று ஏற்கக் கூடாது.

ஹெட்டிரோசைகஸ் மாற்றம் படிப்புகளில் ஏறக்குறைய பாதியில் தெரிய வேண்டும். 15, 20 சதவீதம்தான் என்றால் உடலின் சில செல்களில் மட்டும் இருக்கும் மொசைக்காக இருக்கலாம். வயதானவரின் ரத்தத்தில், புற்றுநோயோடு தொடர்புள்ள டி.பி.53 மரபணுவில் இப்படி வந்தால், வயதோடு ரத்தச் செல்களில் மட்டும் தோன்றியதாக இருக்க வாய்ப்புண்டு. பிள்ளைகளுக்கு டெஸ்ட் செய்ய ஓடுவதற்கு முன் தோல் சாம்பிளில் பார்க்க வேண்டும்.

ஐந்து வகை, அதில் நடுவில் உள்ள ஒன்று

2015-இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூறு நோயியல் சங்கமும் வகுத்த முறைப்படி மாற்றங்கள் ஐந்து வகை: பேத்தோஜெனிக் (நோய் தருவது), லைக்லி பேத்தோஜெனிக், வி.யூ.எஸ்., லைக்லி பினைன், பினைன் (தீங்கற்றது). ‘லைக்லி’ என்றால் 90 சதவீதத்துக்கு மேல் நம்பிக்கை. இடையில் உள்ள வி.யூ.எஸ். என்பது பொருள் இன்னும் தெரியாத மாற்றம். அதை ‘பாதி பாசிட்டிவ்’ என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. வி.யூ.எஸ்.ஸை மட்டும் நம்பி மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்றக் கூடாது, கருவுக்கு டெஸ்ட் செய்யக் கூடாது, உறவினர்களை நோயாளி என்றோ நோயில்லாதவர் என்றோ பிரிக்கக் கூடாது. 2018-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், பரம்பரைப் புற்றுநோய் மரபணுக்களில் பின்னர் வகை மாற்றப்பட்ட வி.யூ.எஸ்.களில் 91 சதவீதம் தீங்கற்ற பக்கத்துக்கே போயின.

நம் ஊர் ரிப்போர்ட்களில் வி.யூ.எஸ். நிறைய வரக் காரணம் உண்டு. ஒரு மாற்றம் அரிதா என்று பார்க்க லேப்கள் நம்பும் நோமேட் போன்ற தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினர் மிக அதிகம். அங்கே அரிதாகத் தெரிவது இங்கே சாதாரணமாக இருக்கலாம். 2016-இல் வந்த ஓர் ஆய்வு, இதயத்தசைத் தடிப்பு நோய்க்குக் காரணம் என்று முன்பு சொல்லப்பட்ட சில மாற்றங்கள் கறுப்பின அமெரிக்கர்களிடம் பரவலாக இருக்கும் தீங்கற்ற மாற்றங்களே என்று காட்டியது. ஒப்பீட்டுக் குழுவில் அவர்களைப் போதுமான அளவு சேர்த்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

நமக்கு நெருக்கமான உதாரணம் எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்து விடுபடுவது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு மைய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2009-இல் இதை இதயத்தசை நோயோடு தொடர்புபடுத்தியது. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இது உண்டு. பின்னர் 2020-இல் வந்த மறு ஆய்வு, ஆபத்தின் பெரும்பகுதி இதைச் சுமப்போரில் ஒரு சிறு பிரிவினரிடம் கூடவே இருக்கும் இன்னொரு மாற்றத்தால் (சி.1224-52ஜி>ஏ) வருகிறது என்றது. ஆகவே 25 எழுத்து விடுபட்டது என்று மட்டும் ரிப்போர்ட் சொன்னால், அந்த இரண்டாவது மாற்றம் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். அது எக்ஸான்களுக்கு இடையிலுள்ள இன்ட்ரானுக்குள் 52 எழுத்து தள்ளி இருப்பதால் எக்ஸோமில் விடுபட வாய்ப்பு அதிகம். இப்போது இந்தியர்களின் 10,000 ஜீனோம்களைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு வந்துவிட்டது. உங்கள் லேப் இந்தியத் தரவோடு ஒப்பிட்டதா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தை என்றால்

அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு டி.என்.ஏ.வில் சராசரியாக 16-இல் ஒரு பங்கு இரு பிரதியிலும் ஒன்றாகவே இருக்கும். தாய்மாமனை மணந்திருந்தால் 8-இல் ஒரு பங்கு. அந்தப் பகுதிகளில் உள்ள எல்லா அரிய மாற்றங்களும் ஹோமோசைகஸாகத்தான் தெரியும். எனவே ‘ஹோமோசைகஸ், அரிது’ என்பது மட்டும் இங்கே சாட்சியாகாது. அந்த மரபணுவால் வரும் நோய் குழந்தையின் அறிகுறிகளோடு பொருந்த வேண்டும். நலமாக உள்ள அண்ணன் அக்காவுக்கும் டெஸ்ட் செய்து பாருங்கள். அவர்களும் ஹோமோசைகஸ் என்றால் அந்த மாற்றத்தின் மீதான சந்தேகம் பெருமளவு குறையும். ஒரே குழந்தைக்கு இரண்டு தனித்தனி மரபணு நோய்கள் இருப்பதும் இத்தகைய குடும்பங்களில் நடக்கும். ஒரு விடை கிடைத்தும் சில அறிகுறிகள் மிச்சமிருந்தால், இன்னும் தேடச் சொல்லலாம்.

காரணம் உறுதியானால், பெற்றோர் இருவரும் கேரியர் (ஒரு பிரதியில் மட்டும் மாற்றத்தைச் சுமப்பவர்) என்றால், ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது என்பதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடக் கூடாது. நஞ்சுத் திசு டெஸ்ட் 11 முதல் 13 வாரத்தில், பனிக்குட நீர் டெஸ்ட் 16 வாரத்துக்கு மேல். இவற்றை கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தில் பதிவுபெற்ற மையங்களில்தான் செய்யலாம்; குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். குடும்பத்து மாற்றம் எது என்று தெரியாமல் கருவைச் சோதிக்க முடியாது, அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும். இதனால் அந்த வேலையைக் கரு உண்டாவதற்கு முன்பே முடித்து வைக்க வேண்டும். இதில் தாமதிக்கும் குடும்பங்கள்தான் மிகவும் நொந்துபோகின்றன.

ஒன்றும் கிடைக்காவிட்டால்

பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எக்ஸோமில் விடை கிடைப்பதில்லை. அதற்காகக் கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம். லேபிடம் ரிப்போர்ட் மட்டுமல்லாமல் மூலத் தரவையும் வாங்கி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்: ஃபாஸ்ட்க்யூ, வி.சி.எஃப். கோப்புகள். லேப்கள் இவற்றைக் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. ஒன்றிரண்டு ஆண்டு கழித்து, அல்லது புது அறிகுறி தோன்றியதும், அதே தரவை மறுபடி அலசச் சொல்லுங்கள். இதற்குள் புது மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். விடை கிடைக்காதவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, புது ரத்தம் எடுக்காமலே, இப்படிக் கிடைக்கிறது.

மறு அலசலிலும் அகப்படாத ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 2024-இல் ஆர்.என்.யு.4-2 என்ற மரபணு, கடுமையான வளர்ச்சி தாமதத்துக்குக் காரணம் என்று பிரிட்டனின் ஒரு லட்சம் ஜீனோம் திட்டத் தரவிலிருந்து தெரியவந்தது. இது புரதம் செய்யாத மரபணு. ஆகவே பெரும்பாலான எக்ஸோம் கிட்களில் இல்லவே இல்லை. மூளை, நரம்பு வளர்ச்சிக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 0.4 சதவீதம் பேருக்கு இதுவே காரணம், ஒரே மரபணு என்ற அளவில் அது பெரிய பங்கு. நோய் தரும் மாற்றங்கள் பெரும்பாலும் 18 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு பகுதிக்குள்ளேயே வருகின்றன, பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுபவை. குழந்தைக்குப் பேச்சு வரவில்லை, தலை சிறியது, தசை தளர்வு, வலிப்பு, எக்ஸோம் நெகட்டிவ் என்றால், முழு ஜீனோமுக்குச் செலவழிக்கும் முன் இந்தச் சிறு பகுதியை மட்டும் படிக்கும் சாங்கர் டெஸ்ட் செய்ய முடியுமா என்று ஜெனெடிக்ஸ் டாக்டரிடம் கேளுங்கள்.